எந்தக் கால்?

அதிகாலை மூணே முக்காலுக்கு
மதுரை வேன் பேப்பர்க் கட்டுகளை இறக்கிப் போட்டதும்
காரைக்குடியிலிருந்து கோட்டையூருக்கு
இரண்டு பக்கமும் சாக்குப்பை தொங்க வண்டி ஓட்டுகிறவன் நான்.
ஊர் உலகத்து அபிப்பிராயம் எல்லாம்
மை காயாமல் என் முழங்காலில்தான் முதலில் ஒட்டும்.

அன்று ஒட்டியது பல்.

பூட்டிக் கிடக்கும் ஒரு வளவின் முகப்பில்
(வீட்டுக்காரர் மலேசியாவிலோ எங்கோ)
ஐந்து நாய்கள். நாலு குரைத்தன.
குரைக்காதது கடித்தது.

ராத்திரி போனை எடுத்து எழுதினேன்:
எல்லா நாயையும் பிடித்துக்கொண்டுபோய்
முடித்துவிட வேண்டும்.
முடித்துவிட என்றா எழுதினேன்? ஆமாம்.
பதினோரு பேர் கைதட்டினார்கள்.
பன்னிரண்டாவதாக வந்தாள் உண்ணாமலை.
ஊர் பள்ளத்தூர் என்று போட்டிருந்தது.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி.

"வயிரவன்பட்டிக்குப் போய் விழுந்து கும்பிடுவீர்களே,
அங்கே சாமியோடு நிற்பது என்ன, ஆடா?"
"அது கல். கடிக்காது" என்றேன்.
"கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்றாள்.
"எனக்கு நாயைக் கண்ட அன்று கல்லைக் காணோம்" என்றேன்.
இதைவிட நல்ல பதில் இந்த ஜென்மத்தில் வராது என்று
காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்தேன்.

அப்புறம் பதினேழு நாள்.
அவள் கருத்தடைக் கணக்கு அனுப்பினாள்.
நான் பார்க்கவில்லை.
நான் வெறிநோய்ச் சாவுக் கணக்கு அனுப்பினேன்.
அவளும் பார்த்திருக்க மாட்டாள்,
அனுப்பிய நொடியிலேயே பதில் வந்துவிட்டது.
நடுவில் தேவகோட்டை ஆவுடையப்பன் என்று ஒருவர்
'நாய் வாலை நிமிர்த்த முடியுமா, விடுங்கப்பா' என்றார்.
நாய் யார் வால் யார் என்று அவர் சொல்லவில்லை.
இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினோம்.
நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.
பெரியாஸ்பத்திரி ஊசி வரிசையில் நின்றுகூட எழுதினேன்,
நர்சம்மா இடது புஜத்தைப் பிடித்திருக்க
வலது கட்டைவிரலால்.

பதினெட்டாம் நாள் ஒரே வரி வந்தது:
"எந்தக் கால்?"

எதற்குக் கேட்கிறாள்?
வலது என்றால் ஒரு வாதம், இடது என்றால் வேறொன்றா?
பொய் என்று காட்டவா? அடுத்து போட்டோ கேட்பாளா?
மூன்று நாள் அந்த வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை.
கட்டுப் பிரிக்கும்போது,
கல்லுக்கட்டியில் டீ ஆற்றும்போது,
எந்தக் கால், எந்தக் கால்.
என் பக்கம் நின்ற பதினோரு பேரில்
ஒருத்தரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்பது
நாலாம் நாள்தான் உறைத்தது.

"இடது. கெண்டைச் சதை" என்று அனுப்பினேன்.
"எனக்கு வலது. ஒன்பது வயசில்.
மழைக்கு இன்னும் அரிக்கும்" என்றாள்.
அதற்குப்பிறகு அவளும் எழுதவில்லை, நானும்.

மனசு மாறிவிட்டதா என்றால், இல்லை.
நகராட்சி வண்டி வந்தால்
வளவுக்கு வழி காட்டுகிற முதல் ஆள் நான்தான்.
ஆனால் போன வாரம் வேறு ஒருவனுக்குப் பதில் எழுதுகையில்
'எல்லா நாயும்' என்று அடித்துவிட்டு
'எல்லா'வை மட்டும் அழித்தேன்.
'நாயும்' தனியாக நின்றது,
ஒட்டிக்கொண்டிருந்த 'உம்'
கூட யார், கூட யார் என்று கேட்க.
அதையும் அழித்தேன்.
அந்தப் பதில் போகவே இல்லை.

இன்றும் அதே முகப்பு. அதே ஐந்து.
தூரத்திலேயே எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு போகிறேன்,
பயம்தான், வேறொன்றுமில்லை.
நாலு குரைக்கின்றன.
குரைக்காதது எழுந்து இரண்டடி வந்து நிற்கிறது.
நொண்டுகிறது.

வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல்
இடுப்பில் சாய்த்துக்கொண்டு
போன் விளக்கை அடித்துப் பார்க்கிறேன்,
எந்தக் கால் என்று.